பைத்துல்மாலின் பொறுப்பாளர்: இமாம் மைமூன் பின் மிஹ்ரான் (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் பாடம்

 



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஜும்ஆத் தொழுகையின் பின்னர் முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். தனது மகன் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து உள்ளூராட்சி மன்றமொன்றில் வருமானப் பரிசோதகராகத் தெரிவாகியிருப்பதாகக் கூறினார். அவரது முகத்தில் மகிழ்ச்சியை விடக் கவலையே மிகுந்திருந்தது. “ஹஸ்ரத், எனது வாப்பா தோணியில் மீன் பிடித்து எங்களை வளர்த்தார். நான் சில்லறைக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தேன். எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு நாளும் ஹராமான காசு எரிந்ததில்லை. இந்தப் பிள்ளை வரிப் பணத்திற்குள் கையை விடப் போகிறான். அனுப்புவதா, தடுப்பதா?” என்று கேட்டார்.

அவருக்கு அன்று நான் உடனே பதில் கூறவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் நான் மீண்டும் வாசித்த ஒரு மனிதரின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் ஓர் ஆலிம், ஒரு ஜவுளி வியாபாரி, ஒரு மாகாணத்தின் வரிப் பொறுப்பாளர். மூன்றும் ஒருவரே. அவர்தான் தாபிஈன்களில் ஒருவரான இமாம் அபூ அய்யூப் மைமூன் பின் மிஹ்ரான் (ரஹ்) அவர்கள்.

அருமைச் சகோதரர்களே! பொது நிதியைப் பொறுப்பேற்பது மார்க்கத்திற்குப் புறம்பான காரியம் அன்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நபி யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் ஒப்படைக்குமாறு தாமே கேட்டுக்கொண்டதை அல்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அதற்கு அவர்கள் கூறிய தகுதிகள் இரண்டு. ஒன்று, பாதுகாக்கும் பண்பு. மற்றையது, அந்தத் துறை பற்றிய அறிவு. நபியின் மகன், நபியின் பேரன் என்று அவர்கள் தமது பரம்பரையைக் கூறவில்லை. நாணயமும் அறிவும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒருவர் மக்களின் பணத்தைத் தொடலாகாது. நாணயம் இருந்து அறிவு இல்லாவிட்டால் பணம் வீணாகும். அறிவு இருந்து நாணயம் இல்லாவிட்டால் பணம் களவாகும்.

இந்த இரண்டு தகுதிகளையும் கொண்டிருந்தவர் மைமூன் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 40ஆம் ஆண்டளவில் பிறந்தார்கள். அவர்களிடம் செல்வமோ கோத்திரப் பெருமையோ இருக்கவில்லை. கூஃபா நகரில் ஒரு பெண்மணியின் அடிமையாக இருந்து, அப்பெண்மணியால் உரிமை விடப்பட்டவர். அக்காலத்தில் அறிவின் கேந்திர நிலையங்களுள் ஒன்றாக விளங்கிய கூஃபாவிலேயே வளர்ந்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி), அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) போன்ற நபித்தோழர்களிடம் ஹதீஸ்களைச் செவியுற்றார்கள். தைருல் ஜமாஜிம் குழப்பம் கூஃபாவை உலுக்கிய காலத்தில் அங்கிருந்து புறப்பட்டு, யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள ரக்கா நகரில் குடியேறினார்கள். இன்று சிரியா நாட்டில் அமைந்துள்ள இந்நகர், அன்று அல்ஜஸீரா எனப்பட்ட மேல் மெசொப்பொத்தேமியப் பிரதேசத்தைச் சேர்ந்ததாகும்.

அடிமையாகப் பிறந்த அந்தச் சிறுவன் எந்த நிலையை அடைந்தார் தெரியுமா? கலீபா ஹிஷாமின் காலத்தில் மக்கள் நால்வரையே பெரும் அறிஞர்களாகக் கணித்தனர். ஹிஜாஸுக்கு இமாம் ஸுஹ்ரி, பஸராவுக்கு ஹஸன் பஸரி, ஷாமுக்கு மக்ஹூல், அல்ஜஸீராவுக்கு மைமூன் பின் மிஹ்ரான் என்று அக்கால அறிஞர் ஸுலைமான் பின் மூஸா (ரஹ்) குறிப்பிட்டுள்ளார்கள். பிறப்பு தடையாகவில்லை. வறுமை தடையாகவில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பதை விட, யாருடைய காலடியில் அமர்ந்து கற்கின்றது என்பதே முக்கியமானது.

இவ்வளவு பெரிய ஆலிம் எதைக் கொண்டு பிழைத்தார்? ஜவுளி வியாபாரத்தைக் கொண்டு பிழைத்தார். முழம் போட்டுத் துணி அளந்து விற்பவருக்கு, ஒரு விரற்கடை கூடினால் தமக்கு நஷ்டம், ஒரு விரற்கடை குறைந்தால் மறுமையில் நஷ்டம் என்பது தெரியும். நேர்மையான வியாபாரமும் ஒரு மத்ரஸாவாகும். அதில் தேறியவரையே உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை, அதாவது கி.பி. 717 முதல் 720 வரை, ஆட்சி புரிந்தார்கள். அந்தக் குறுகிய ஆட்சியில் அவர்கள் முதலில் கைவைத்த இடம் கஜானாவாகும். தமது குடும்பத்தார் அநியாயமாகச் சேர்த்திருந்த சொத்துக்களை உரியவர்களிடம் மீட்டுக் கொடுத்தார்கள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களிடமும் தொடர்ந்து ஜிஸ்யா வரியை வாங்கிவந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். வருமானம் குறைந்துவிடும் என்று அதிகாரிகள் முறையிட்டபோது, அல்லாஹ் தன் தூதரை நேர்வழி காட்டவே அனுப்பினான், வரி அறவிட அனுப்பவில்லை என்ற கருத்தில் பதில் எழுதினார்கள். இத்தகைய கலீபாவின் கீழ்தான் அல்ஜஸீரா மாகாணத்தின் கராஜ் வரிக்கும் நீதி விசாரணைக்கும் மைமூன் (ரஹ்) அவர்கள் பொறுப்பாக்கப்பட்டார்கள்.

கராஜ் என்பது விளைநிலத்தின் மீதான வரியாகும். அது ஸகாத் அன்று. ஸகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அல்குர்ஆனே எட்டுக் கூட்டத்தாராக வரையறுத்துவிட்டது. கராஜோ படையினரின் கொடுப்பனவு, அதிகாரிகளின் சம்பளம், பொதுத் தேவைகள் ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. அதைச் செலுத்தியவர்களில் பெருந்தொகையினர் அக்காலத்தில் முஸ்லிம் அல்லாத குடியானவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். எனவே கராஜ் அதிகாரியின் கையில் இருந்தது ஏழை உழவனின் வியர்வையாகும். அளவு கூடினால் உழவன் நசுங்குவான். குறைந்தால் பொதுச் சொத்து குறையும். இரண்டுக்கும் அல்லாஹ்விடம் பதில் கூற வேண்டும்.

இந்தச் சுமை மைமூன் (ரஹ்) அவர்களை வருத்தியது. ஒரு நாள் கலீபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். தம்மால் தாங்க முடியாததைத் தம்மீது சுமத்திவிட்டதாகவும், தாம் வயது முதிர்ந்த, பலவீனமான, இளகிய மனம் கொண்ட ஒருவர் என்றும், ஆகவே தம்மை விடுவிக்குமாறும் வேண்டிக்கொண்டார்கள். இன்று பதவி வேண்டி அரசியல்வாதியின் வாசலில் காத்து நிற்போர் பலர். பதவியை விட்டும் விடுதலை கேட்டுக் கடிதம் எழுதியவர் இவர்!

கலீபா விடுவிக்கவில்லை. அவர்கள் அனுப்பிய பதிலின் சாரம் மூன்று விடயங்களாகும். கராஜில் தூய்மையானதை மட்டும் திரட்டுங்கள் என்பது முதலாவது. உங்களுக்குத் தெளிவானதைக் கொண்டு தீர்ப்பளியுங்கள், குழப்பமானதை என்னிடம் அனுப்பி வையுங்கள் என்பது இரண்டாவது. பாரமாகத் தோன்றும் காரியங்களை எல்லாம் மனிதர்கள் கைவிட்டுச் செல்வார்களாயின் மார்க்கமும் நிலைக்காது, உலகமும் நிலைக்காது என்பது மூன்றாவது.

இளைஞர்களே, இந்தப் பதிலைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். இலக்காக ஒரு தொகை விதிக்கப்படவில்லை. எவ்வாறாயினும் கஜானாவை நிரப்பு என்று கட்டளையிடப்படவில்லை. தூய்மையானதை மாத்திரமே கலீபா கேட்டார்கள். அடுத்து, எல்லாம் அறிந்தவராக நடிக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று மேலிடத்திற்கு எழுதுவது குறைபாடு அன்று, அது அமானிதத்தின் ஒரு பகுதி. இறுதியாக, பயபக்தியுள்ளவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால், அந்த ஆசனங்கள் வெறுமையாக இருக்கப் போவதில்லை. பயபக்தி இல்லாதவர்கள் வந்து அமர்ந்துகொள்வார்கள். அந்த முதியவரின் கேள்விக்கான பதிலின் பாதி இங்கே இருப்பதை நான் கண்டேன்.

மறு பாதி என்ன? ஆபத்து எங்கே இருக்கின்றது என்பதை அறிந்துகொள்வதாகும்.

நபிகளார் (ஸல்) அவர்கள் அஸ்த் கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்ற ஒருவரை ஸகாத் சேகரிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, சேகரித்த பொருட்களை இரண்டாகப் பிரித்தார். இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, இந்த மனிதர் தன் தாய் தந்தையரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். முறையற்று எடுத்ததை மறுமையில் கழுத்தில் சுமந்து வர நேரிடும் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது.

இன்று அதற்கு எத்தனை பெயர்கள்! “தேநீர்ச் செலவுக்கு” என்கின்றனர். “பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொடுங்கள்” என்கின்றனர். “சந்தோஷத்துக்குத் தருகின்றோம்” என்கின்றனர். பெருநாள் வந்தால் வீட்டு வாசலில் கூடைகள் வந்து இறங்குகின்றன. நபியவர்களின் கேள்வியை உங்கள் மேசை மீது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆசனத்தில் நான் இல்லாவிட்டால் இது எனக்கு வந்திருக்குமா? இல்லை என்பது பதிலாயின், அது உங்களுடையது அன்று.

கூலி பெறுவது குற்றமா? இல்லை. கலீபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் துணியைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள் அபூபக்கர் (ரலி) அவர்கள். உமர் (ரலி) அவர்களும் அபூஉபைதா (ரலி) அவர்களும் அவர்களைத் தடுத்து, குடும்பத்தின் தேவைக்குப் போதுமான ஒரு தொகை பைத்துல்மாலிலிருந்து கிடைக்க வழி செய்தார்கள். ஆகவே நிர்ணயிக்கப்பட்ட சம்பளம் ஹலாலானது. அதற்கு மேல் மேசையின் கீழால் வருவதே நெருப்பு.

கண்ணியத்திற்குரியவர்களே! மைமூன் (ரஹ்) அவர்கள் போதித்த மற்றொரு விடயம், பல சமூகத்தவர்களோடு வாழும் நமக்கு மிக அவசியமானது. நல்லவர், தீயவர் என்ற வேறுபாடு பாராது எல்லோருக்கும் நிறைவேற்ற வேண்டிய மூன்று கடமைகளை அவர்கள் எண்ணிக் கூறினார்கள். அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்தல், வாக்குறுதியைக் காத்தல், இரத்த உறவைப் பேணுதல் ஆகியன அவை. எனவே அரசாங்கப் பணம்தானே, பிறருடைய பணம்தானே என்ற பேச்சுக்கு நம்மிடம் இடமில்லை. வீதிக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் செல்லும் பணத்தில் சிங்களவரின் பங்கும் இருக்கின்றது. தமிழரின் பங்கும் முஸ்லிமின் பங்கும் இருக்கின்றன. அதிலிருந்து களவாடுபவர் மறுமையில் யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பார்? ஒருவரிடம் எடுத்ததை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு நாட்டிடம் எடுத்ததை எத்தனை வாசல்களில் சென்று ஒப்படைப்பது?

மைமூன் (ரஹ்) அவர்களின் பெயர் கிதாபுகளில் அதிகம் சொல்லப்படுவது முஹாஸபா, அதாவது சுயவிசாரணை பற்றிய அவர்களது கூற்றினாலாகும். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி மற்றப் பங்காளியிடம் எவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்பாரோ, அதை விடக் கடுமையாகத் தன் உள்ளத்திடம் கணக்குக் கேட்காத வரை ஒரு மனிதர் பயபக்தியாளராக ஆக மாட்டார் என்றும், தனது உணவும் உடையும் எங்கிருந்து வந்தன என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் போதித்தார்கள். இது ஒரு கணக்காளரின் மொழி. தக்வாவைக் கடைக்காரருக்கும் கணக்கெழுதுபவருக்கும் விளங்கும் வார்த்தைகளில் சொல்லித் தந்துவிட்டார்கள்.

இங்கு எனது குறையொன்றையும் மறைக்காது கூற வேண்டும். அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய ஆரம்ப காலத்தில், ஒரு ரமழான் மாதத்தில் ஸகாத் பணம் சிறிது என் பொறுப்பில் இரண்டு தினங்கள் இருந்தது. வீட்டில் பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல். கையில் பணமில்லை. அந்த உறையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மருந்து வாங்கினேன். மறுவாரம் சம்பளம் கிடைத்ததும் திருப்பி வைத்துவிட்டேன். பற்றுச்சீட்டும் பணமும் சரியாகவே இருந்தன. ஒருவருக்கும் தெரியாது. ஆனால், கேட்டிருந்தால் நிர்வாக சபையினர் கடனாகத் தந்திருப்பார்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டேன், எடுப்பதற்கு வெட்கப்படவில்லை. பின்னர் தலைவரிடம் சென்று உண்மையைக் கூறிய போதே என் மனம் அமைதியடைந்தது. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் எடுத்த முதல் ஐந்நூறு ரூபாயே ஷைத்தானின் முதற் படிக்கட்டு என்பதை அன்று படித்துக்கொண்டேன். அன்று முதல் பொதுப் பணத்தை ஓர் இரவேனும் என் வீட்டில் வைப்பதில்லை.

இனி, பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரு சம்பவம். மைமூன் (ரஹ்) அவர்களின் மகன் அம்ர் என்பவர். தந்தை கராஜுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் மகன் திவான் எனும் பதிவேட்டு அலுவலகத்தைக் கவனித்தார். பிற்காலத்தில் தந்தை முதுமையடைந்த வேளை, அவரது கையைப் பிடித்துப் பஸரா நகரின் ஒழுங்கைகளினூடாக அம்ர் அழைத்துச் சென்றார். வழியில் ஒரு நீரோடை குறுக்கிட்டது. முதியவரால் தாண்ட முடியவில்லை. மகன் குறுக்கே படுத்துத் தன் முதுகையே பாலமாக்கினார். தந்தை அதன் மேல் நடந்து கடந்தார்.

அவர்கள் சென்றது ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களின் வீட்டிற்கு. கதவைத் திறந்த பணிப்பெண், வந்திருப்பவர் உமர் பின் அப்துல் அஸீஸின் எழுத்தராக இருந்த மைமூன் என்பதை அறிந்ததும், இந்தக் கெட்ட காலம் வரை நீர் ஏன் உயிரோடு இருக்கின்றீர் என்று கேட்டுவிட்டாள். முதியவர் கோபப்படவில்லை, அழுதுவிட்டார். அழுகுரல் கேட்டு ஹஸன் (ரஹ்) அவர்கள் வெளியே வந்து அணைத்துக்கொண்டார்கள். தமது உள்ளம் கடினமாகிவிட்டதாக உணர்வதாகவும், அதை மென்மையாக்கி விடுமாறும் மைமூன் (ரஹ்) வேண்டினார்கள். ஹஸன் (ரஹ்) அவர்கள் ஸூரதுஷ் ஷுஅராவிலிருந்து சில வசனங்களை ஓதினார்கள். பல்லாண்டுகள் சுகபோகம் அனுபவித்தவர்களுக்கு, எச்சரிக்கப்பட்ட வேதனை வந்த பின்னர் அந்தச் சுகம் என்ன பயனளிக்கும் என்ற கருத்துடைய வசனங்கள் அவை. அதைக் கேட்ட மைமூன் (ரஹ்) மயங்கி வீழ்ந்தார்கள்.

திரும்பும் வழியில் மகன், ஹஸன் பஸரி என்றால் இதை விடப் பெரியவராக இருப்பார் என்று நினைத்தேனே என்றார். தந்தை மகனின் நெஞ்சில் தட்டி, அவர் ஓதியதை உன் உள்ளத்தால் விளங்கியிருந்தால் அதில் காயங்கள் ஏற்பட்டிருக்கும் என்ற கருத்தில் அறிவுரை கூறினார்கள்.

முதுகைப் பாலமாக்கிய மகனுக்கே இந்த அறிவுரை! பிள்ளை பணிவிடை செய்கின்றான், அரச உத்தியோகம் பார்க்கின்றான், மாதாந்தம் பணம் தருகின்றான் என்று அந்தத் தந்தை திருப்தியடைந்துவிடவில்லை. மகனின் உள்ளம் உயிரோடு இருக்கின்றதா என்பதையே அவர்கள் பார்த்தார்கள்.

வாழ்வின் பிற்பகுதியில் தமது பதவியைப் பற்றி அவர்கள் கூறியதையும் மறைத்துவிடலாகாது. தமது ஒரு கண் போய், மறு கண்ணோடு வாழ்ந்திருந்தாலும் பரவாயில்லை, எந்தப் பதவியையும் ஏற்காது இருந்திருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள். உமர் பின் அப்துல் அஸீஸின் கீழ் வகித்த பதவியையுமா என்று கேட்கப்பட்ட போதும், ஆம், அதையும்தான் என்றார்கள். நீதியான கலீபாவின் கீழ், தூய்மையான வரியை மட்டும் திரட்டியவரின் அச்சம் இது! உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களோ, இவரும் இவர் போன்றவர்களும் சென்றுவிட்டால் எஞ்சுவோர் பதர்களே என்ற கருத்தில் இவரைப் புகழ்ந்திருந்தார்கள். பிறர் புகழ்ந்தார்கள், அவர் பயந்தார். ஹிஜ்ரி 117இல் (கி.பி. 735) அந்தப் பயத்தோடுதான் தம் இரட்சகனைச் சந்தித்தார்கள்.

அப்படியாயின் அந்த முதியவருக்கு நான் என்ன பதில் கூறினேன்?

“வாப்பா, உங்கள் மகனை அனுப்புங்கள். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு அனுப்புங்கள். ஒன்று, அவரது சம்பளம் எவ்வளவோ அவ்வளவுக்கே வீட்டுச் செலவு இருக்கட்டும். அயல்வீட்டாரின் வாகனத்தைப் பார்த்து நீங்களும் மருமகளும் அவரை நெருக்கக் கூடாது. பல உத்தியோகத்தர்களைக் கெடுத்தது அவர்களின் வீட்டாருடைய ஆசைதான். இரண்டு, சம்பளத்திற்கு மேல் அவர் எதையேனும் கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்காத தந்தைக்கும் அதில் பங்குண்டு. மூன்று, நேர்மையின் காரணமாக அவர் இடமாற்றம் பெற்றால், பதவியுயர்வு தடைப்பட்டால், கெட்டித்தனம் இல்லாதவன் என்று ஏசாதீர்கள். வாசலில் நின்று வரவேற்றுக் கொள்ளுங்கள்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூன்றாவதுதான் கஷ்டம் ஹஸ்ரத்” என்றார். உண்மைதான். மூன்றாவதுதான் கஷ்டம்.

உயர்தரத்தில் வர்த்தகம் கற்கும் மாணவ மாணவியரே, கணக்காளர் சேவையையும் இறைவரித் திணைக்களத்தையும் சுங்கத்தையும் இலக்காகக் கொண்டிருப்போரே! உங்கள் துறையை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வட்டியோடு நேரடித் தொடர்புள்ள பணிகள் பற்றி உலமாக்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். வாலிபத்தின் வலிமையையும் உற்சாகத்தையும் அல்லாஹ்வுக்கு வழிப்படுவதில் செலவிடுமாறு மைமூன் (ரஹ்) அவர்கள் இளைஞர்களை நோக்கி அழைப்பு விடுத்தார்கள். நேர்மையாக எழுதப்படும் ஒரு பற்றுச்சீட்டும் நல்ல நிய்யத்தோடு எழுதப்பட்டால் இபாதத்தாகும். அதற்குரிய பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். கடைக்குச் சென்று மீதிப் பணத்தை உம்மாவிடம் ஒப்படைக்கும் போது ஆரம்பியுங்கள். பாடசாலைச் சங்கத்தின் சந்தாப் பணத்தில், விளையாட்டுக் கழகத்தின் கணக்கில் ஆரம்பியுங்கள். ஐம்பது ரூபாயில் அமானிதம் பேணாதவர் ஐம்பது இலட்சத்தில் பேணப் போவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் கரங்களில் ஒப்படைக்கப்படும் சிறியதும் பெரியதுமான அமானிதங்களைப் பேணிக்காக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக. எங்கள் பிள்ளைகளின் உணவையும் உடையையும் ஹலாலானதாக ஆக்குவாயாக. நீ எங்களிடம் கணக்குக் கேட்பதற்கு முன்னர் நாங்களே எங்களிடம் கணக்குக் கேட்டுக்கொள்ளும் உள்ளத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.